வீட்டுக்கு ஒரு மூட்டை

ஜூலை 10, வியாழன்

காலை ஒன்பது நாற்பதுக்குப் பம்புகளை ஓட விட்டோம். சத்தமே இல்லை. சுரங்க வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். தொடக்க நாளில் வெடிச் சத்தம் கேட்காதது இதுதான் முதல் தடவை. பம்ப் ஆபரேட்டர் தேவசகாயம் வால்வைத் திருகிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, "அவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டார். பாவம், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவ்வளவுதான். இந்த ஈச்சம்பாறை ஊரின் அடியில், தொண்ணூறு மீட்டர் ஆழத்தில், விரிசல் விட்ட பாறைக்குள் செம்பு இருக்கிறது. முதலில் போட்ட திட்டம் திறந்தவெளிக் குழி. அதற்கு ஊரில் இருக்கிற எண்பத்தாறு வீடும், மாரியம்மன் கோயிலும், ஏரியில் பாதியும் போக வேண்டும். இரண்டாவது திட்டம் எங்களுடையது. சில போர்வெல் வழியாக லேசாக அமிலம் கலந்த நீரைப் பாறைக்குள் செலுத்துவது, அது செம்பைக் கரைத்துக்கொண்டு வரும்போது நடுவில் இருக்கும் போர் வழியாக மேலே எடுப்பது. இரண்டு மாதச் சோதனை. செப்டம்பர் 10 வரை அந்த நீர், சுற்றிலும் போட்ட ஆறு காவல் போர்களின் வளையத்தைத் தாண்டி வெளியே போகாமல் இருந்தால், குழித் திட்டத்தைக் கைவிடுவார்கள். போய்விட்டால் குழிதான்.

சாயந்திரம் வீட்டுக்கார அம்மா அஞ்சலாட்சி, என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர் ஊர் வார்டு உறுப்பினரும்கூட. மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். காபி பில்டரைக் காட்டிச் சொன்னேன்: தூள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, டிகாக்ஷன் மட்டும் இறங்குகிறது.

பில்டரைத் தூக்கி அடியைப் பார்த்தார். "டிகாக்ஷன் ஓரமா ஒழுகிச்சின்னா?"

அதைப் பார்க்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்போ நீங்க சரியா இருக்கணும், டீச்சரம்மா."

நான் டீச்சர் இல்லை என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. படித்த பெண் தனியாக வந்து தங்கினால் டீச்சர்தான் என்பது இந்த ஊரின் முடிவு.

ஜூலை 15, செவ்வாய்

ஆறு காவல் போரிலும் நீரின் அளவு இயல்பு. துவைத்த துணி காயவில்லை. வலது ஆள்காட்டி விரலில் இருக்கும் மரு பேனா பிடிக்கும்போது உறுத்துகிறது.

ஜூலை 23, புதன்

இன்று நீலம் வந்தது.

பன்னிரண்டு நாளாகத் தெளிந்த நீராக வந்துகொண்டிருந்தது. இன்று காலை மேலே எடுத்த நீரில் மெல்லிய நீலம் தெரிந்தது. தேவசகாயம் அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஆபீஸ் ஜன்னலில் வைத்தார். சர்க்கரைப்பாகில் ஒரு சொட்டு மை விழுந்த நிறம். அதுதான் செம்பு. ஒரு கூடை மண் தோண்டவில்லை, ஒரு மரம் சாயவில்லை. எல்லோரும் ஜன்னலருகே நின்றுகொண்டே டீ குடித்தோம். திட்ட மேலாளர் ரகுநந்தன் அந்தப் பாட்டிலைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் கட்டடம் கட்டும் வேலையில் இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதற்கும் ஒரு தேதி சொல்லிவிட்டு, அந்தத் தேதிக்குப் பயந்தே வாழ்பவர்.

முன்பு இருந்த இடத்தை நினைத்துக்கொண்டேன். திறந்த குழி, ஆறு வருஷம். அங்கேயும் தண்ணீர் பார்ப்பதுதான் என் வேலை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி மூன்றாம் வெள்ளி. அஞ்சலாட்சி கோயிலுக்குக் கூப்பிட்டார். போனேன்.

இங்கே ஒரு வழக்கம். மரு, கட்டி ஏதாவது உடம்பில் இருந்தால் கோயில் கிணற்றில் கல்லுப்பைப் போடுகிறார்கள். உப்பு கரைகிற மாதிரி அதுவும் கரைந்துபோகும் என்று. என் விரலை எப்போது பார்த்தாரோ, முந்தானையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து என் கையில் திணித்தார். நான் எம்.எஸ்சி. புவியியல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். போட்டேன். சத்தம் கேட்க நேரமானது, கிணறு ஆழம்.

கோயில் வாசலில் ஒரு டிராக்டர், அதில் வெள்ளை மூட்டைகள். அன்னதானத்துக்கு அரிசி போலிருக்கிறது. கூட்டம் பெருகுவதற்குள் கிளம்பிவிட்டேன், பதினொரு மணிக்கு அளவெடுக்க வேண்டும். "இருங்க, இனிமேதான் பெரிசு இருக்கு" என்று அஞ்சலாட்சி சொன்னார். பொங்கல் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

ஆறு போரும் இயல்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆறாம் போரில் 1180.

இந்த எண் என்ன என்று எழுதி வைக்கிறேன், என்றாவது யாராவது படித்தால் புரியட்டும். நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு மீட்டர் சொல்லும். எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. ஆறாம் போர், நாங்கள் பம்பு ஓட்டும் வயலுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிறது. அதன் இயல்பு 1120. எல்லை 1400. தொடர்ந்து இரண்டு நாள் எல்லையைத் தாண்டினால் செலுத்துவதை நிறுத்த வேண்டும், சுரங்கத் துறை அதிகாரிக்கும் பஞ்சாயத்துக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

1180 ஒன்றும் பெரிதில்லை. மீட்டரைக் கழுவி மறுபடி பார்த்தேன். 1180.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினோம். மிட்டாய். 1260.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

1345. மற்ற ஐந்தும் அசையவில்லை.

அமிலம் வெளியேறியிருந்தால் புளிப்புத்தன்மை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஆனால் அது எனக்கு ஆறுதல் இல்லை. போகிற வழியில் பாறை அமிலத்தைத் தின்றுவிடும். அமிலம் விட்டுச் செல்லும் கந்தக உப்பு மட்டும் முன்னால் ஓடி வரும். மீட்டர் காட்டுவது அதுவாக இருக்கலாம். இயற்கையில் இங்கே நிலத்தடி நீர் ஏரியை நோக்கி, அதாவது எங்கள் வயலிலிருந்து ஊர்ப்பக்கம்தான் சாய்கிறது. அந்தச் சாய்வைத் திருப்பத்தான் செலுத்துவதைவிடக் கொஞ்சம் அதிகமாக எடுக்கிறோம். அது போதவில்லையோ? கணக்கு போட்டவள் நான்தான்.

மாதிரியைச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வரப் பதினைந்து நாளாகும் என்றார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

1440.

ரகுநந்தன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, நாம் நிறுத்தினால் குழித் திட்டக்காரர்கள் அன்றைக்கே பைலைத் திறந்துவிடுவார்கள், அந்த எண்பத்தாறு வீட்டையும் நினைத்துப் பாருங்கள் என்றார். எல்லாமே உண்மை. பிறகு சொன்னார்:

"நாளைக்கு அரைமணி நேரம் கூடுதலா தண்ணி ஓடவிட்டு, மறுபடி எடுத்துப் பாருங்களேன் மேடம். கொஞ்சம் குறையும்."

குறையும்தான். போரில் நீர் அதிகம் ஓடினால் சுற்றியிருக்கும் நல்ல நீர் கலந்து எண் இறங்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 20, புதன்

எப்போதும் எடுக்கிற மாதிரியே எடுத்தேன். 1490. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேவசகாயத்திடம் செலுத்தும் பம்புகளை நிறுத்தச் சொன்னேன். எடுக்கும் பம்பு மட்டும் ஓடட்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசி வால்வை மூடியதும் தொப்பியைக் கழற்றினார்.

முன்பு இருந்த இடத்திலும் ஒருவர், மறுபடி எடுங்கள் என்றார். எடுத்தேன்.

இன்று இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பஞ்சாயத்து ஆபீசில் நானே போய்ச் சொன்னேன். இருபது பேர் இருந்தார்கள். ஆறாம் போரில் அளவு கூடியிருக்கிறது, காரணம் தெரியவில்லை, எங்கள் நீராக இருக்கலாம், குடிநீர் போர் இப்போது சுத்தமாக இருக்கிறது, தினமும் பார்ப்பேன். ஒருவர், நீங்கள்தானே ஒழுகாது என்று சொன்னீர்கள் என்றார். ஒழுகாது என்று சொல்லவில்லை, ஒழுகினால் சொல்வேன் என்றுதான் சொன்னேன் என்று பதில் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டை இழக்கப்போகிறவரிடம் வாக்கியத்தைத் திருத்தக் கூடாது.

மற்றவர்கள் போன பிறகு அஞ்சலாட்சி மேசை மேலிருந்த டம்ளர்களை அடுக்கினார். வெளியே வந்ததும், "பேசாம சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார். என்னிடமா, தனக்குத்தானேவா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் மாடிப்படியில் பால் சொம்பு இல்லை. கடைக்குப் போய் பாக்கெட் பால் வாங்கினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

செலுத்துவதை நிறுத்தி ஐந்து நாள். எங்கள் நீர் ஒழுகியதென்றால் இப்போது குறையத் தொடங்க வேண்டும். 1580. ஏறுகிறது.

ஏன் ஏறுகிறது?

குழித் திட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்து, கோயில் மூலையில் ஒரு கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். அளவுக் கல்லாம்.

ஆகஸ்ட் 27, புதன்

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். விரலில் ஏதோ வித்தியாசம். சோப்பு நுரையைக் கழுவிப் பார்த்தால் மரு இல்லை. இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம்.

சிரித்தேன். அந்த ஒரு பிடி உப்பு வேலை செய்துவிட்டது, அஞ்சலாட்சியிடம் காட்ட வேண்டும், பேசுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டே ஒரு புடவையை அலசினேன். இரண்டாவது புடவையை வாளிக்குள் போட்டேன். அப்படியே நின்றுவிட்டேன்.

டிராக்டர். வெள்ளை மூட்டைகள்.

ஈரக் கையோடு கீழே ஓடினேன். அஞ்சலாட்சி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிணற்றில் எவ்வளவு உப்பு போட்டீர்கள் என்று கேட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பதில் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் குழி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஊரே கூடி வேண்டிக்கொண்டதாம், அந்தக் குழி கரைந்துபோனால் வீட்டுக்கு ஒரு மூட்டை உப்பு போடுவதாக. எங்கள் பம்பு ஓட ஆரம்பித்து, நீலத் தண்ணீர் வந்த செய்தி தெரிந்ததும், குழி போன மாதிரிதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வேண்டுதலைத் தள்ளிப்போட வேண்டாம், ஆடியிலேயே செய்துவிடுவோம் என்று.

"எண்பத்தாறு மூட்டை. நான்தான் வீடு வீடாப் போய் வாங்கி வச்சேன். இருபத்தஞ்சு கிலோ மூட்டை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன்?"

இரண்டு டன்னுக்கு மேல். கோயில் கிணற்றிலிருந்து ஆறாம் போருக்கு நூற்று அறுபது மீட்டர்.

ஏன் என்று சொன்னேன். கையிலிருந்த தழை கீழே விழுந்தது, ஆடு தின்ன ஆரம்பித்தது. அவர் கவனிக்கவில்லை. "நாங்க போட்ட உப்பா நிறுத்திச்சு?" என்று மட்டும் கேட்டார். இருக்கலாம் என்றேன். நிரூபிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனோம். போனோம் என்றால் நானும் அஞ்சலாட்சியும். நான் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

வேதியியல் ஆசிரியை பெயர் மெர்சி. விஷயத்தைக் கேட்டதும் அலமாரியைத் திறந்துவிட்டார். நான் இரண்டு பாட்டில் கொண்டுபோயிருந்தேன். ஒன்று ஜூன் மாதம், பம்பு ஓடுவதற்கு முன்பே ஆறாம் போரில் எடுத்து வைத்தது. இன்னொன்று இன்று காலை எடுத்தது. இரண்டிலிருந்தும் சரி சமமாக நான்கு சோதனைக் குழாயில் ஊற்றினோம். பிளஸ் டூ பிள்ளைகள் செய்கிற சோதனைதான்.

முதலில் வெள்ளி நைட்ரேட். சாதாரண உப்பு இருந்தால் வெளுக்கும். ஜூன் நீரில் லேசான மங்கல். இன்றைய நீரில் சொட்டு விழுந்ததும் பால் திரிவது போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டு அடியில் உட்கார்ந்தது.

அஞ்சலாட்சி குழாயை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது எங்களுது" என்றார்.

அடுத்தது பேரியம் குளோரைடு. எங்கள் அமில நீர் வந்திருந்தால் இது வெளுக்கும். மெர்சி டீச்சர் சொட்டு விட்டார். ஜூன் நீரில் மெல்லிய பனிமூட்டம். இன்றைய நீரில் அதே மெல்லிய பனிமூட்டம். அருகருகே வைத்து, பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு குழாய் வழியாகவும் எழுத்து ஒரே மாதிரி தெரிந்தது. அஞ்சலாட்சிக்குப் படிக்கத் தெரியும். இரண்டு குழாய் வழியாகவும் ஒரே வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். தங்கம் விலை நிலவரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் மீதி விளங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் படம் போட்டேன். இயற்கைச் சாய்வு வயலிலிருந்து ஊருக்கு. உப்பு வந்திருப்பதோ ஊரிலிருந்து வயலுக்கு. ஏற்றத்தில் ஏறி வந்திருக்கிறது. எங்கள் பம்பு இழுக்காமல் அது வரவே முடியாது. செலுத்துவதை நிறுத்திய பிறகு எண் ஏறியதும் அதனால்தான், இழுப்பு கூடியது, உப்பு வேகமாக வந்தது. தண்ணீர் ஊர்ப்பக்கம் போகாது, ஊர்ப்பக்கமிருந்துதான் எங்களிடம் வரும் என்று இரண்டு வருஷமாகக் காகிதத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை. எனக்கே கடைசி ஒரு வாரம் நம்பிக்கை இல்லை. இவர்கள் எண்பத்தாறு மூட்டையைக் கொட்டி அதை நிரூபித்திருக்கிறார்கள்.

படத்தை அஞ்சலாட்சியிடம் காட்டிச் சொன்னேன். டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ ஆத்தா உங்க வேலையைத் தணிக்கை பண்ணியிருக்கா."

ஆமாம் என்றேன். தேறிவிட்டேனா என்று கேட்டேன்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். ஆனால் இறங்கும்போது என் பையையும் அவரே தூக்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

படியில் பால் சொம்பு.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. கந்தக உப்பு: மாற்றமில்லை. செம்பு: இல்லை. சாதாரண உப்பு: இயல்பைப் போல மூன்று மடங்கு. ரகுநந்தன் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்ன மாதிரி அன்னைக்கு மறுபடி எடுத்திருந்தா, இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது இல்ல?" என்றார். இருக்காது என்றேன். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 4, வியாழன்

கோயில் முன்னால் கூட்டம். அதிகாரி வந்திருந்தார். நிறுவனத்துப் பெரியவர்கள் மூன்று பேர், ஊர் முழுவதும். நான் படம் போட்டு விளக்கினேன். எந்த நாளில் எவ்வளவு உப்பு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று அதிகாரி கேட்டார். அஞ்சலாட்சி எழுந்து, எண்பத்தாறு வீட்டுப் பெயரையும் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒருவர் கை தூக்கினார். முடிந்ததும் நானும் கை தூக்கினேன்.

"நீங்களுமா?" என்றார் அதிகாரி.

ஒரு பிடி என்றேன். காரணம் கேட்டார். விரலைக் காட்டினேன். அவ்வளவு பெரிய சிரிப்பை நான் ஒரு சுரங்கக் கூட்டத்தில் கேட்டதே இல்லை. அதிகாரி சிரிக்காமல்தான் இருந்தார். ஆனால் குறிப்பேட்டில் எதையோ எழுதினார், எழுதும்போது தோள் குலுங்கியது.

செலுத்தும் பம்புகளை நாளை முதல் ஓட்டலாம் என்று உத்தரவு.

செப்டம்பர் 10, புதன்

சோதனை முடிந்தது. ஆறாம் போரில் 1290, இறங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற ஐந்தும் அன்று போல் இன்றும். நீல நீரில் மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்த செம்பின் முதல் தகட்டை இன்று உரித்தெடுத்தோம். ஒரு கதவு அகலம், புதுக் குடத்தின் நிறம். தேவசகாயம் மறுபடி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். இந்தத் தடவை பொருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

முடிவு கடிதமாக வந்தது. குழித் திட்டம் ரத்து. சிவப்புக் கல்லை யார் பிடுங்குவது என்று ஊரில் போட்டி. நான்கு பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். தேர்முட்டியில் உட்காரக் கல் இல்லை என்று அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒரு கடிதம் அனுப்பினேன். முன்பு இருந்த இடத்து மாவட்ட அதிகாரிக்கும், அங்கே குழிக்குக் கீழே இருக்கும் ஊரின் பஞ்சாயத்துக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை நான் முதலில் எடுத்த எண், பிறகு எழுதிய எண், இரண்டையும் தேதியோடு எழுதினேன். கையெழுத்துப் போடும்போது விரல் உறுத்தவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊர் சார்பில் அஞ்சலாட்சி ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னார். வக்கீல் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்:

வேலை நடக்கும் காலம் முழுவதும், ஒவ்வோர் ஆண்டும் ஆடி மூன்றாம் வெள்ளியன்று, ஊரார் கோயில் கிணற்றில் வீட்டுக்கு ஒரு மூட்டை உப்பு போடுவார்கள். அந்த உப்பு ஆறாம் போருக்கு வந்து சேரவில்லை என்றால், நீரின் இழுப்பு திரும்பிவிட்டது என்று பொருள். அன்றே செலுத்தும் பம்புகள் நிறுத்தப்படும். அளவெடுக்கும்போது ஊரார் உடன் இருப்பார்கள்.

நிறுவனத்துப் பெரியவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இது மத விஷயமா தொழில்நுட்ப விஷயமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். தொழில்நுட்பம்தான், இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலாட்சி அடுத்த வருஷப் பட்டியலை ஒரு புது நோட்டில் எழுதச் சொன்னார், என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். எண்பத்தாறு பெயரும் எழுதினேன். மூடப்போனேன்.

"இருங்க. இன்னொண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

எந்த வீடு என்று கேட்டேன்.

"மாடி வீடு."

எண்பத்தேழு: வாசுகி. ஒரு மூட்டை.